தெர்மிஸ்டர்: உஷ்ணம் அறியும் சிறு மணி

ஃப்ரிட்ஜின் உட்சுவரிலும், ஏசி இயந்திரத்தின் குளிர்ந்த செப்புக் குழாயின்மீதும், கைபேசி பாட்டரியின் ஓரத்திலும், குழந்தைக்கு ஜுரம் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியிலும், கார் எஞ்சினைச் சுற்றி நீர் ஓடும் வழியிலும் ஒரு சிறு மணி இன்று இடைவிடாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. தெர்மிஸ்டர் எனப்படும் இந்த மணிக்குள் அசையும் உறுப்பு ஏதும் இல்லை. ஏறி இறங்கும் பாதரசமும் இல்லை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே, சூளையில் சுட்டெடுத்த உலோக ஆக்ஸைடு சிறிதளவு இருக்கிறது, அவ்வளவே. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த அற்பமான பொருளை நம்பித்தான் அடைகாக்கும் பெட்டியிலுள்ள முட்டைகளும், ஆஸ்பத்திரியின் இன்குபேட்டரில் கிடக்கும் குறைமாதக் குழந்தையும் பத்திரமாக இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், அதன் இயல்பை முறையாக அறிந்துகொள்வது தொழில் செய்கிறவர் யாவருக்கும் கடமையே என்பது விளங்கும்.

இந்த அத்தியாயம் முழுவதையும் தாங்கி நிற்கும் ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெர்மிஸ்டர் அறிவது தன்னுடைய உஷ்ணநிலையை மட்டுமே. அறையின் வெப்பத்தையோ, நோயாளியின் ஜுரத்தையோ, எஞ்சின் நீரின் கொதிப்பையோ அது நேராக அறிவதில்லை. அந்தப் பொருளோடு அது எவ்வளவு நெருங்கிப் பொருந்தியிருக்கிறதோ அவ்வளவுக்கே அதன் வாக்கு மெய்யாகும். ஆகவே, இதைக் கையாளுகிறவருக்குப் பொறுப்பு இரண்டு. மணியின் உஷ்ணமும் அளக்கவேண்டிய பொருளின் உஷ்ணமும் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஒன்று. மணியோ அதன் கம்பியோ கெட்டுப்போகும் காலத்தில் இயந்திரம் அபாயத்தின் பக்கம் சாய்ந்துவிடாதபடி முன்கூட்டியே வழி செய்து வைப்பது மற்றொன்று.

உஷ்ணமும் மின்தடையும்

செம்பு, இரும்பு, பிளாட்டினம் போன்ற உலோகங்களில் மின்சாரத்தைச் சுமந்து செல்லும் எலக்ட்ரான்கள் ஏராளமாக, சுயேச்சையாக உலவிக்கொண்டிருக்கின்றன. உலோகம் சூடேறும்போது அதன் அணுக்கள் மேலும் மேலும் அதிர்ந்து எலக்ட்ரான்களின் ஓட்டத்துக்கு இடையூறு செய்வதால், மின்தடை சிறிது சிறிதாக உயர்கிறது. பிளாட்டினத்தில் இந்த உயர்வு ஒரு டிகிரி சென்டிகிரேடுக்கு ஏறத்தாழ 0.385 சதவீதம்.

மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட், செம்பு ஆகியவற்றின் ஆக்ஸைடுகளைக் கலந்து சுட்ட பீங்கானில் நிலைமை வேறு. அங்கே எலக்ட்ரான்கள் தத்தம் அணுவோடு பிணைந்து கிடக்கின்றன; ஒரு மாங்கனீஸ் அயனியிலிருந்து பக்கத்திலுள்ள மற்றோர் அயனிக்குத் தாவினாலொழிய மின்சாரம் நகராது. அந்தத் தாவலுக்கு வேண்டிய சக்தியைக் கொடுப்பது உஷ்ணம். சூடு ஏற ஏறத் தாவல்கள் பெருகுகின்றன, மின்தடை குறைகிறது, அதுவும் உலோகங்களில் காண்பதைப்போல மெல்ல அன்று, அறை உஷ்ணத்தில் ஒரு டிகிரிக்கு நான்கு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. பிளாட்டினத்தைவிடப் பத்து மடங்குக்கு மேற்பட்ட இந்தக் கூருணர்வே தெர்மிஸ்டருக்குக் கீர்த்தியைத் தேடித் தந்தது. உஷ்ணம் ஏறத் தடை இறங்கும் இவ்வகையைக் கடைக்காரர்கள் என்டிசி என்று சொல்வார்கள். இதற்கு நேர்மாறாக, உஷ்ணம் ஏறத் தடையும் ஏறும் பிடிசி என்ற இனமும் உண்டு. அதைப் பின்னர்த் தனியே பார்ப்போம்.

கூருணர்வுக்கு விலையாகத் தெர்மிஸ்டர் நேர்கோட்டு ஒழுங்கை இழந்திருக்கிறது. பின்னால் உதாரணமாக எடுக்கப்போகும் மணியில், குளிர்ந்த பக்கத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிரக்கணக்கான ஓம்கள் மாறும். கொதிநீரின் அருகே அதே ஒரு டிகிரிக்கு இருபது ஓம் அளவே மாறும். ஆகையால் நூறு டிகிரி அகலமுள்ள எல்லையை ஒரே மணியால் ஒரே நுட்பத்தோடு அளக்க முயல்வதைவிட, தேவையான எல்லையை முதலில் தீர்மானித்துக்கொண்டு அதற்கேற்ற மணியைத் தேர்ந்தெடுப்பதே உசிதம்.

கண்டறிந்த வரலாறு

மைக்கேல் ஃபாரடே 1833ஆம் ஆண்டில் வெள்ளி ஸல்பைடைச் சூடாக்கியபோது, உலோகங்களின் வழக்கத்துக்கு மாறாக, அது மின்சாரத்தை மேலும் எளிதாகக் கடத்துவதைக் கண்டார். ஆயினும் அந்த அபூர்வமான அவதானிப்பு நூறாண்டு காலம் பெரும்பாலும் ஆராய்ச்சிசாலையோடு நின்றது. ஒரே மாதிரியான பொருளை மறுபடியும் மறுபடியும் செய்வது எவருக்கும் எளிதாயில்லை. அமெரிக்காவில் சாமுவேல் ரூபன் 1930இல் வியாபார ரீதியில் பயன்படத்தக்க தெர்மிஸ்டரை உருவாக்கினார். பெல் தொலைபேசி ஆராய்ச்சிசாலை, வெயிலிலும் குளிரிலும் மாறிக்கொண்டேயிருந்த நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளின் ஒலி அளவைத் தானாகவே சரிப்படுத்த இதைக் கையாண்டது. அங்கே ஜோசப் பெக்கரோடு சேர்ந்து தெர்மிஸ்டரின் குணங்களை விரிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவரான ஜெரால்டு பியர்சன், பின்னர் 1954இல் சிலிக்கன் சூரிய மின்கலத்தை உலகுக்கு அளித்த மூவரிலும் ஒருவர்.

எண்களைப் படிக்கும் முறை

கடையில் தெர்மிஸ்டர் வாங்கும்போது மூன்று விவரங்களைக் கேட்டுப் பெறவேண்டும். முதலாவது, 25 டிகிரி சென்டிகிரேடில் அதன் மின்தடை; "10 கே" என்றால் அந்த உஷ்ணத்தில் 10,000 ஓம் என்று பொருள், மணியின் உடலில் 103 என்று அச்சிட்டிருப்பதும் இதையே குறிக்கும். இரண்டாவது, பீட்டா எண். உஷ்ணத்தோடு தடை எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதை இது காட்டும். 3435, 3950 என்பவை அடிக்கடி காணும் பீட்டா எண்கள். மூன்றாவது, பிழை சதவீதம். ஒரு சதவீதமா, ஐந்து சதவீதமா என்பது.

25 டிகிரியில் 10 கிலோ ஓமும், பீட்டா 3950ம் உள்ள ஒரு மணிக்குக் கணக்கிட்ட மின்தடைகள் பின்வருமாறு:

0 டிகிரி: 33.6 கிலோ ஓம்
10 டிகிரி: 20.2 கிலோ ஓம்
25 டிகிரி: 10.0 கிலோ ஓம்
37.5 டிகிரி: 5.87 கிலோ ஓம்
50 டிகிரி: 3.59 கிலோ ஓம்
100 டிகிரி: 0.70 கிலோ ஓம்

இந்த எண்களைத் தரும் சூத்திரம் எளியது. உஷ்ணத்தைக் கெல்வினில் எழுதிக்கொண்டு, அதன் தலைகீழ் எண்ணிலிருந்து 298.15இன் தலைகீழ் எண்ணைக் கழித்து, மீதியைப் பீட்டாவால் பெருக்கி, வந்த விடையை இயற்கை மடக்கையின் அடிமானமான e-இன் அடுக்காக ஏற்றி, 25 டிகிரித் தடையால் பெருக்கினால் வேண்டிய மின்தடை கிடைத்துவிடும். உற்பத்தியாளர் தரும் அட்டவணை இதிலிருந்து சிறிது மாறுபடலாம். ஏனென்றால் பீட்டா என்பது எல்லா உஷ்ணத்திலும் மாறாத எண் அன்று, இரண்டு குறித்த உஷ்ணங்களுக்கு இடையே பெற்ற சராசரியே. அட்டவணை கையில் இருக்கும்போது அட்டவணையையே பின்பற்றவும்.

மேலும் நுட்பம் வேண்டுவோருக்கு ஸ்டைன்ஹார்ட்–ஹார்ட் சமன்பாடு இருக்கிறது. ஜான் ஸ்டைன்ஹார்ட், ஸ்டான்லி ஹார்ட் என்னும் இருவர் 1968இல் அதை வெளியிட்டனர். மூன்று உஷ்ணங்களில் மணியின் தடையை அளந்துகொண்டால் அதன் மூன்று மாறிலிகளையும் கணக்கிட்டுவிடலாம். பிறகு இடைப்பட்ட உஷ்ணம் எதையும் நம்பிக்கையோடு பெறலாம்.

பிழை சதவீதத்தை அலட்சியம் செய்வது பலருடைய வழக்கம். ஐந்து சதவீதப் பிழை என்றால் ஏதோ சிறிது என்று தோன்றும். உடல் உஷ்ணத்தருகே ஒரு டிகிரிக்குத் தடை நான்கு சதவீதமே மாறுகிறது என்பதை நினைவில் கொண்டால், ஐந்து சதவீதப் பிழை ஒன்றேகால் டிகிரிப் பிழைக்குச் சமம் என்பது புலப்படும். மீன்தொட்டிக்கு இது பொறுக்கலாம். அடைகாக்கும் பெட்டிக்கு இது பொறுக்காது.

சர்க்யூட்டில் இணைக்கும் முறை

மைக்ரோகன்ட்ரோலர் ஓம்களை நேரே படிக்காது, வோல்ட்டுகளையே படிக்கும். ஆகவே, மாறாத தடையுள்ள ஒரு ரெசிஸ்டரையும் தெர்மிஸ்டரையும் தொடராக இணைத்து, ரெசிஸ்டரின் மேல் முனையை மின் வழங்கியின் நேர்முனையிலும், தெர்மிஸ்டரின் கீழ் முனையைப் பூஜ்ய வோல்ட்டிலும் வைத்து, இரண்டும் சேரும் நடுப்புள்ளியின் வோல்ட்டைப் படிக்கிறோம். அளக்கும் கருவியும் அதே மின் வழங்கியையே ஆதாரமாகக் கொண்டிருக்குமானால், வழங்கியின் வோல்ட் சற்று ஏறினாலும் இறங்கினாலும் விகிதம் மாறுவதில்லை. அதனால் விடையும் மாறுவதில்லை.

கோழிமுட்டை அடைகாக்கும் பெட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். விசிறி வைத்த பெட்டியில் இருபத்தொரு நாளும் 37.5 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கவேண்டும். அந்த உஷ்ணத்தில் நம்முடைய மணியின் தடை 5.87 கிலோ ஓம். ரெசிஸ்டரின் தடை மணியின் தடைக்கு அருகில் இருக்கும்போதுதான் நடுப்புள்ளியின் வோல்ட் உஷ்ணத்தோடு அதிகமாக அசையும் என்பதால், கடையில் எளிதில் கிடைக்கும் 5.6 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு சதவீதப் பிழைக்குள் உள்ளது, இதற்குப் பொருத்தம். வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்துப் படிக்கும் சாதாரண மைக்ரோகன்ட்ரோலரில், இந்த அமைப்பில் ஒரு டிகிரிக்குப் பத்துப் படிகள் கிடைக்கும். அதாவது ஒரு படி பத்தில் ஒரு டிகிரி. பதினாறு அளவீடுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால், அங்குமிங்கும் துள்ளும் எண்கள் அடங்கி நிற்கும்.

நீண்ட கம்பிகளைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். பத்து மீட்டர் கம்பி போய் வருவதற்கு இரண்டு ஓம் தடை சேர்ந்தாலும், 10,000 ஓமுக்கு முன்னால் அது ஆயிரத்தில் சில பாக டிகிரிக்குமேல் பிழை தராது. அதே இரண்டு ஓம், 100 ஓம் பிளாட்டினச் சென்சாரில் ஐந்து டிகிரிப் பிழையைப் புகுத்திவிடும். நெடுந்தூரத்துக்கு இரட்டைக் கம்பியே போதுமென்பது தெர்மிஸ்டரின் பெரும் சௌகரியம். ஆனால் ரிலேயும் மோட்டாரும் அருகில் இருக்குமானால், இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி, நடுப்புள்ளிக்கும் பூஜ்ய வோல்ட்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வைப்பது நல்லது.

தன் சூடும் தாமதமும் இருக்குமிடமும்

மின்சாரம் பாயும் எந்தத் தடையும் சூடேறும்; தெர்மிஸ்டரும் இதற்கு விலக்கல்ல. 5 வோல்ட்டில், 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு இணைந்த 10 கிலோ ஓம் மணியில் 0.6 மில்லிவாட்டுக்குச் சற்று மேற்பட்ட சக்தி செலவாகிறது. அசையாத காற்றில் 1.5 மில்லிவாட்டுக்கு ஒரு டிகிரி ஏறக்கூடிய சிறு மணியானால், எதுவும் செய்யாமலேயே அது 0.4 டிகிரி கூடுதலாகக் காட்டும். மணி தன்னுடைய உஷ்ணத்தையே சொல்கிறது என்ற உண்மை இங்கே முதல்முறையாக நம்மைச் சோதிக்கிறது. பரிகாரம் எளிது: வோல்ட்டைக் குறைக்கலாம், அல்லது அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்து, மற்ற நேரத்தில் நிறுத்தி வைக்கலாம்.

அடுத்தது தாமதம். சுற்றுப்புறத்தின் உஷ்ணம் சட்டென்று மாறினால், அந்த மாற்றத்தில் 63 சதவீதத்தை மணி எட்டுவதற்கு ஆகும் காலத்தை அதன் கால மாறிலி என்பார்கள். பிசின் பூசிய சிறு மணிக்குக் காற்றில் இது பத்து விநாடியை ஒட்டியிருக்கும். எஃகுக் குழாய்க்குள் அடைத்த சென்சாருக்கு அதைப்போலப் பல மடங்காகும். நம்பத்தக்க அளவு வேண்டுமானால் கால மாறிலியைப்போல் ஐந்து மடங்கு நேரமாவது காத்திருக்கவேண்டும். அவசரப்பட்டுக் குறித்த எண்கள் எல்லாம் பழைய உஷ்ணத்தின் நிழல் படிந்த எண்களே.

இவை இரண்டினும் முக்கியமானது மணியை வைக்கும் இடம். அடைகாக்கும் பெட்டியில் சூடேற்றும் பல்பின் அருகே மணியைத் தொங்கவிட்டவர், பல்பின் உஷ்ணத்தைக் காத்துக்கொண்டிருப்பாரேயன்றி முட்டையின் உஷ்ணத்தை அன்று. முட்டைகளின் நடு உயரத்தில், பல்பின் நேர்கிரணம் படாத மறைவில், விசிறிக் காற்று படும்படி அதை நிறுத்தவேண்டும். குழாயின்மேல் வைக்கும் மணியை உலோகப் பட்டையால் இறுகக் கட்டி, ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி, வெளிக்காற்று தீண்டாதபடி மேலே நுரை ரப்பரைச் சுற்றவேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், குழாய்க்கும் அறைக்கும் இடைப்பட்ட, எதற்கும் உரியதல்லாத ஓர் உஷ்ணத்தையே அது தெரிவிக்கும்.

வீட்டிலேயே செய்யத்தக்க பரிசோதனை

புதிதாக வாங்கிய மணியையும், சந்தேகத்துக்குரிய பழைய மணியையும் சோதிக்க ஒரு மல்டிமீட்டரும் சிறிது பனிக்கட்டியும் போதும்.

முதலில், பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி ஒரு ஃப்ளாஸ்க்கில் நிரப்பி, துகள்களின் இடைவெளியை நிரப்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நல்ல நீரை ஊற்றிக் கலக்கவும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த முழுக் கட்டிகள் நான்கை ஒரு தம்ளர் நீரில் மிதக்கவிட்டால் அது பூஜ்ய டிகிரி ஆகாது. மேலே குளிர்ந்தும் அடியில் சில டிகிரி கூடியும் நிற்கும். நொறுங்கிய பனியும் நீரும் கூழாகக் கலந்த நிலையே நம்பகமான பூஜ்யம்.

இரண்டாவதாக, மணியின் கம்பிகளில் நீர் படாதபடி அதை மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு, பனிக்கூழின் நடுவே ஆழ்த்தி, அவ்வப்போது கலக்கிக்கொண்டே சில நிமிடம் காத்திருக்கவும். மல்டிமீட்டரில் எண் அசையாது நின்றபின் குறித்துக்கொள்ளவும். நாம் உதாரணமாக எடுத்த மணி 33 கிலோ ஓமை ஒட்டிக் காட்டவேண்டும்.

மூன்றாவதாக, மணியையும் நல்ல தெர்மாமீட்டரையும் ஒன்றாகக் கட்டி வெதுவெதுப்பான நீரில் வைத்து, 40 டிகிரிக்கு அருகில் தடையைக் குறிக்கவும். நமது மணியானால் 40 டிகிரியில் 5.3 கிலோ ஓம் இருக்கவேண்டும்.

நான்காவதாக, மணி தாங்குமென்று உறுதியிருந்தால் மட்டும் கொதிநீரில் சோதிக்கவும். கொதிநீர் எங்கும் 100 டிகிரி என்று எண்ணிவிடலாகாது. சென்னைக் கடற்கரையில் அது மெய். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

கையில் பிடித்துப் பார்ப்பதும் ஓர் உடனடிப் பரிசோதனைதான். விரல்களுக்கிடையே மணியைப் பிடித்தவுடன் என்டிசியின் எண் ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கவேண்டும். இறங்காமல் நின்றாலும், துள்ளித் துள்ளி மாறினாலும், கம்பியை அசைக்கும்போது எண் மறைந்து தோன்றினாலும் அந்த மணியைத் தயங்காமல் ஒதுக்கிவிடவும்.

எங்கெல்லாம் பயன்படுகிறது

ஏசி இயந்திரத்தின் உட்பகுதியில் இரண்டு தெர்மிஸ்டர்கள் இருப்பது வழக்கம். அறைக்காற்று உள்ளே நுழையும் வாயிலில் ஒன்று. மெக்கானிக்குகள் அதை ரூம் சென்சார் என்பார்கள். குளிரூட்டும் காயிலின்மேல் ஒன்று. அது காயில் சென்சார். 5 கே, 10 கே, 15 கே, 20 கே என்று கம்பெனிக்குக் கம்பெனி இவற்றின் மதிப்பு வேறுபடும். பழுதுபார்ப்போர் கையிலிருப்பதை மாட்டிவிட்டால் என்ன நேரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 10 கே எதிர்பார்க்கும் போர்டில் 5 கே சென்சாரை மாட்டினால், 25 டிகிரி அறையைப் போர்டு 41 டிகிரி என்று நினைக்கும். கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், மின்கட்டணம் ஏறும். மாறாக, 5 கே போர்டில் 10 கேயை மாட்டினால், அதே அறை 10 டிகிரியாகத் தோன்றும். கம்ப்ரசர் தொடங்கவே தொடங்காது. வாடிக்கையாளர் கேஸ் போய்விட்டது என்று எண்ணி வீண்செலவு செய்வார். கேஸ் நிரப்புவதற்கு முன் சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்க்கும் பழக்கம், மெக்கானிக்கின் நேர்மைக்கும் திறமைக்கும் ஒருங்கே சாட்சியாகும்.

காரில் எஞ்சின் நீரின் உஷ்ணத்தை அறிவிப்பதும் என்டிசியே. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலைச் சற்று அதிகமாகவும், சூடேறியபின் அளவாகவும் செலுத்துவதற்கும், ரேடியேட்டர் விசிறியை உரிய காலத்தில் சுழற்றுவதற்கும் அதன் வாக்கே ஆதாரம்.

லித்தியம் பாட்டரியைப் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பாட்டரியைக் கெடுக்கும். மிகுந்த சூட்டில் சார்ஜ் செய்தாலோ ஆயுள் குன்றும், ஆபத்தும் நேரலாம். அதனால் கைபேசி பாட்டரியின் நேர்முனை, எதிர்முனைகளோடு கூட, உள்ளிருக்கும் தெர்மிஸ்டருக்கென்று மூன்றாவது முனையும் பல பாட்டரிகளில் அமைந்திருக்கிறது. பாட்டரி மாற்றும்போது அந்த முனையை வெறும் ரெசிஸ்டரால் ஏமாற்றிவிடுவது, காவலாளியை அறையில் பூட்டி வைப்பதற்குச் சமமான காரியம். எக்காரணத்தாலும் அதைச் செய்யலாகாது.

வைத்தியத் துறையில் இதன் சேவை பெரிது. தோலின்மேல் ஒட்டும் சென்சார்கள் பலவும் 25 டிகிரியில் 2,252 ஓம் காட்டும் மணிகளால் ஆனவை. எந்தச் சென்சாரைக் கழற்றி எதை மாட்டினாலும் அளவு மாறாதபடி அவை ஒன்றுபோல் செய்யப்படுகின்றன. ஜெரமி ஸ்வான், வில்லியம் கான்ஸ் ஆகிய மருத்துவர்களின் பெயரால் வழங்கும் இதயக் குழாயின் நுனியருகிலும் ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. இதயத்துக்குள் அளவறிந்த குளிர்ந்த திரவம் செலுத்தப்படும்போது, கீழோடும் இரத்தம் எவ்வளவு குளிர்ந்து எவ்வளவு விரைவில் பழைய சூட்டுக்குத் திரும்புகிறது என்பதை அது அறிவிக்க, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இரத்தத்தை இதயம் இறைக்கிறது என்று வைத்தியர் கணக்கிடுகிறார்.

ஓடும் கப்பலிலிருந்து மெல்லிய கம்பியோடு கடலில் எறியப்பட்டு, ஆழத்துக்கு ஆழம் நீரின் உஷ்ணத்தை அறிவித்தபடியே அடிநோக்கி மூழ்கும் கருவியின் மூக்கிலும், வானிலை பலூன்கள் தூக்கிச் செல்லும் ரேடியோசாண்டுகள் பலவற்றிலும் இதே மணி இருக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக்கை உருக்கும் முனையில், 200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டைத் தாங்கும் கண்ணாடி பூசிய 100 கே மணிகள் இருக்கின்றன. அத்தகைய இடத்தில் பிசின் பூசிய சாதாரண மணியை வைக்கலாகாது, பூச்சு கருகிவிடும்.

பிடிசியும், காவலுக்கு நிற்கும் என்டிசியும்

பேரியம் டைட்டனேட்டில் மிகச் சிறிதளவு வேறு தனிமம் கலந்து சுட்ட பிடிசி, குறித்த ஓர் உஷ்ணம் வரை சாதாரணத் தடையாக இருந்து, அதைத் தாண்டியதும் ஆயிரக்கணக்கான மடங்கு தடையை உயர்த்திக்கொள்ளும். கலப்பில்லாத பேரியம் டைட்டனேட்டுக்கு அந்த எல்லை 120 டிகிரியை ஒட்டியது. ஸ்ட்ரான்ஷியம் சேர்த்தால் அது தாழும், ஈயம் சேர்த்தால் உயரும். கொசுவிரட்டித் திரவத்தைச் சூடாக்கும் வில்லை பெரும்பாலும் பிடிசியே. சூடு எல்லையை எட்டியதும் தானே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்வதால் அதற்குத் தனியாகத் தெர்மோஸ்டாட் வேண்டியதில்லை. பழைய ஃப்ரிட்ஜுகளில் கம்ப்ரசரைத் தொடங்கிவைக்கும் ரிலேயின் இடத்தில் பிடிசி வந்தது. தொடக்கச் சுருளுக்கு ஒரு கணம் மின்சாரம் தந்து, பிறகு தானே சூடேறி அதைத் தடுத்துவிடும். மின்சாரம் போய் உடனே திரும்பினால், பிடிசி இன்னும் சூடாக இருப்பதால் கம்ப்ரசர் முனகுமேயன்றி ஓடாது. ஆகையால் சில நிமிடம் ஓய்வு கொடுத்தபின் போடுவதே முறை.

கணினியின் மின்வழங்கிப் பெட்டியில், கெபாசிட்டர்கள் முதன்முதலில் இழுக்கும் பெரும் மின்னோட்டத்தைத் தடுத்து நிற்பது என்டிசி. 5டி-9 என்று எழுதியிருந்தால், குளிர்ந்த நிலையில் 5 ஓம், 9 மில்லிமீட்டர் விட்டம் என்று கொள்ளவும். மின்னோட்டத்தால் அதுவே சூடேறி, ஒரு ஓமுக்கும் கீழே இறங்கி வழிவிடும். இங்கே, மற்ற இடங்களில் குற்றமாகத் தோன்றும் தன் சூடே குணமாகிவிடுகிறது. இதுவும் சூடு ஆறும்வரை காவல் தராது. மின்தடங்கல் அடிக்கடி நேரும் ஊர்களில் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

கம்பி அறுந்தால் என்ன ஆகும்?

இந்த அத்தியாயத்தில் மிகுந்த கவனத்தோடு படிக்கவேண்டிய பகுதி இதுவே. என்டிசியின் கம்பி அறுந்தால் மின்தடை அளவிறந்ததாகிறது. அளவிறந்த தடை என்றால் அளவிறந்த குளிர் என்பதே சர்க்யூட்டின் மொழி. குளிர்ந்துவிட்டது என்று நம்பிய கருவி, ஹீட்டரை முழு வலிமையோடு எரியவிட்டு அணைக்காமல் வைத்திருக்கும். அடைகாக்கும் பெட்டியில் முட்டைகள் வெந்துபோவதும், அச்சு இயந்திரத்தில் நெருப்பு மூளுவதும் இவ்வாறே. மணி பெட்டிக்கு வெளியே நழுவி விழுந்தாலும் இதே கதிதான். ஆனால் அப்போது கம்பி நன்றாகவே இருப்பதால் அறுந்த கம்பிக்கான சோதனை அதைக் கண்டுபிடிக்காது.

ஆகவே நான்கு காவல்களை ஒன்றாக ஏற்படுத்தவேண்டும். முதலாவது, நாம் அமைத்த சர்க்யூட்டில் படி எண் 1000க்கு மேல் போனாலும் 20க்குக் கீழ் வந்தாலும், அதை உஷ்ணமாகக் கருதாமல் பழுதாகக் கருதி ஹீட்டரை அணைத்து எச்சரிக்கை ஒலி எழுப்பச் செய்யவும். இரண்டாவது, நம்பத்தகாத உஷ்ணத்தையும் பழுதாகவே கொள்ளவும். வீட்டுக்குள் இருக்கும் பெட்டி 5 டிகிரிக்குக் கீழே போக நியாயமில்லை. மூன்றாவது, ஹீட்டர் முழுதாக எரிந்தும் சில நிமிடத்தில் உஷ்ணம் ஏறவில்லையென்றால் மணி இடம் பெயர்ந்துவிட்டது என்று கொண்டு அணைத்துவிடவும். நான்காவது, இவை எதையும் சாராமல், ஹீட்டரின் மின்கம்பியிலேயே தொடராகத் தெர்மல் ஃபியூஸ் ஒன்றை வைக்கவும். ஏனெனில் ரிலேயின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டால், மைக்ரோகன்ட்ரோலர் எவ்வளவு விவேகமாகக் கட்டளையிட்டாலும் ஹீட்டர் அணையாது.

வேலை முடிந்தபின் இந்தக் காவல்களை நம்பிக்கையின்பேரில் விட்டுவிடாமல், ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கவும். ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும்போதே மணியின் இணைப்பைக் கழற்றுங்கள், உடனே அணையவேண்டும். இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொடுங்கள், அப்போதும் அணையவேண்டும். மணியைப் பெட்டிக்கு வெளியே எடுத்து வையுங்கள். குறித்த நிமிடத்துக்குள் அணையவேண்டும். மூன்றிலும் தேறிய பெட்டியில் மட்டுமே முட்டைகளை வைக்கலாம். அளவு பிசகினால் ஒரு நாள் திருத்திக்கொள்ளலாம். காவல் பிசகினால் திருத்த எதுவும் மிஞ்சாது என்பதால், தெர்மிஸ்டரோடு பழகுகிறவர் அளவின் நுட்பத்துக்குச் செலவிடும் சிரத்தையை இந்தச் சோதனைகளுக்கும் குறைவின்றிச் செலவிடுவாராக.